சரிபார்த்த மருந்தாளுநர்

பிப்ரவரி 6

அன்புள்ள பொடிசுக்கு அப்பா எழுதுவது.

நீ நலமா என்று முதலில் கேட்க வேண்டுமாம். நான் போகிற முதியோர் வகுப்பில் டீச்சர் சொல்லியிருக்கிறாள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போனால் அது கடிதம் இல்லை, மிரட்டல் என்றாள். அதனால் கேட்கிறேன். நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நாங்கள் இருவரும் நலம்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைக்கவில்லை. ஒரு வரி முடித்து நிமிர்வதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும், டீதானே.

வேலை பார்த்த காலமெல்லாம் லாரி செட்டில் பெட்டி தூக்கினேன். பெட்டி மேல் கண்ணாடிக் கோப்பை படம் இருந்தால் மெதுவாக வைக்க வேண்டும். குடை படம் இருந்தால் நனையக் கூடாது. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். சோப்பு உறை, மின்சாரக் கம்பத்து அபாயப் பலகை, பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டி எதையும் விடுவதில்லை. உன் அம்மா, "வாயை மூடிக்கிட்டு வாசிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்கிறாள். தெரியாது. வகுப்பில் இன்னும் அந்தப் பாடம் வரவில்லை.

இனி முக்கியமான சேதி. அம்மாவின் மாத்திரைப் பெட்டி வந்தது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடுகிறாளே, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு, அதுதான். நீ வேலைக்குச் சேர்ந்ததும் அம்மாவின் போனில் ஏற்பாடு செய்து கொடுத்தாய் அல்லவா, அதன்படி மாதாமாதம் உன் கம்பெனியிலிருந்து ஆன்லைனில் வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு காலம் பெட்டியைக் கிழித்து எறிந்துகொண்டிருந்தேன். இந்த முறை உட்கார்ந்து லேபிளை வாசித்தேன். 'சரிபார்த்த மருந்தாளுநர்' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. தாண்டினால், உன் பெயர்.

அச்சில், பொடிசு! உன் பெயரை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. கத்தரிக்கோலை எடுத்து, எழுத்து ஓரம் பட்டுவிடாமல் வெட்டி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அம்மா, "சுவரைக் கெடுக்காதீங்க" என்றாள். ஆனால் நான் பார்க்காதபோது அவளும் நின்று பார்க்கிறாள்.

நீ வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுது. உன் மேஜை எப்படி இருக்கும்? அந்த பிரவுன் டேப்பை நீயே ஒட்டுவாயா?

டீச்சர் பிழை திருத்திக் கொடுத்தாள். மீதி எல்லாம் என் கை.

பிரியமுள்ள அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கடிதத்தைப் பிரித்ததும் யாரோ தெரியாத ஆள் எழுதியது என்று நினைத்தேன். 'பொடிசு' என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், தலைக்கனம் வந்துவிடும் உங்களுக்கு.

அப்பா, ஒரு விஷயம். அம்மாவுடைய மாத்திரையை ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடையில் வாங்கச் சொல்லி நான் போன வருஷமே போனில் சொன்னேன். "சரி சரி, வாங்கிக்கறேன்" என்றாளே? இன்னும் பெட்டிதான் வருகிறதா? லேபிளில் என் பெயர் இருந்தது என்கிறீர்கள். நிச்சயமாக இந்த மாதப் பெட்டியா? பழையது ஏதாவது கிடந்து, அதை எடுத்து வாசித்திருப்பீர்கள்.

எதுவாக இருந்தாலும் இனிமேல் கடையில் வாங்குங்கள். ஆன்லைனில் வருவது சில சமயம் தாமதமாகிறது, அதனால்தான் சொல்கிறேன். அம்மா ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தாளா? ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துத்தான் அந்த மாத்திரையின் அளவைச் சொல்வார்கள். அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. என் அறை ஜன்னலில் புறா ஒன்று குடித்தனம் வந்திருக்கிறது.

உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது அப்பா. இன்னும் எழுதுங்கள்.

அன்புடன்
பொடிசு


பிப்ரவரி 25

அன்புள்ள பொடிசுக்கு,

சுகம்தானே? இங்கே சுகம். புறாவை விரட்டாதே.

பழைய பெட்டி என்கிறாய். அப்பா எழுத்துக்குப் புதிது, தேதிக்குப் புதிது இல்லை. இந்த மாதப் பெட்டிதான். அதற்கடுத்ததும் போன வாரமே வந்துவிட்டது. அதிலும் நீதான். வெட்டி ஒட்டியாயிற்று. சுவரில் இப்போது நீ இரண்டு பேர்.

கடையில் வாங்கு என்கிறாய். எனக்கு அது பிடிபடவில்லை. அந்தக் கடைக்காரன் போனில் பேசிக்கொண்டே மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போடுகிறவன். அவன் கவரில் யார் பெயர் இருக்கிறது? ஒரு பெயரும் இல்லை. இதில் என் மகள் பெயர் இருக்கிறது. நீயே பார்த்து அனுப்புவதை விட்டுவிட்டு அவனிடம் போய்க் கை நீட்டவா? உனக்கு எப்போதும் அடக்கம் அதிகம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைக்கூடப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தவள்தானே.

இந்த முறை மாத்திரை நிறம் மாறி வந்திருக்கிறது. முன்பு பழுப்பு, இப்போது ரோஜா நிறம். அம்மா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "என்னங்க, இது வேற மாதிரி இருக்கே?" என்றாள். நான் சுவரைக் காட்டினேன். "உன் பொண்ணு பார்த்து அனுப்பியிருக்கா. அவளைவிட உனக்குத் தெரியுமா? பேசாம முழுங்கு" என்றேன். முழுங்கினாள்.

ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை. பஸ் மாறிப் போக வேண்டும், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்கிறாள். கையில் மட்டும் அங்கங்கே நீலமாகக் கன்றியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாளாம். எந்தக் கதவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வருகிறது, பிரஷ் புதுசு. இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று மிரட்டியிருக்கிறாள். எழுதக் கற்றுக்கொண்டதே எழுதுவதற்குத்தானே?

வேலை இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ புறாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அப்பா


மார்ச் 5

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் கேட்டதாக வைத்துக்கொள். அவசரமாக எழுதுகிறேன். என் அவசரத்துக்கே ஒரு மணி நேரம் ஆகும்.

நீ போனில் அம்மாவைப் போட்டுத் தாளித்துவிட்டாயாம். மாத்திரையை உடனே நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போ என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "ஸ்டாக் மாறிப்போச்சும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாயாம். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். போனில் அவள் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டாள்? வைத்த பிறகு என்னைப் பார்த்து, "என்னங்க செய்யறது?" என்றாள்.

நான் யோசித்தேன். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். லேபிளில் நீ 'சரிபார்த்தேன்' என்கிறாய். போனில் நீ நிறுத்து என்கிறாய். இரண்டும் நீதான். எந்தப் பொடிசை நான் நம்புவது?

போனில் சொன்னது காற்றோடு போய்விடும். அச்சில் இருப்பது அங்கேயே நிற்கிறது. நின்று யோசித்துத்தானே அச்சில் போட்டிருப்பார்கள். ஆகவே நீ காரணத்தை எழுதி அனுப்பு. எழுத்தில் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துகிறேன். அதுவரை நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே.

அப்பா


மார்ச் 9

அப்பா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. நிறுத்திவிடுகிறேன் என்று அம்மா சொன்னதை நம்பி இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எழுத்தில் கேட்டீர்கள். இதோ பெரிய எழுத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

அந்த ரோஜா நிற மாத்திரை அம்மாவுக்கு உரியது இல்லை.

இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியையும் மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நானும் பஸ் ஏறுகிறேன்.

பொடிசு


மார்ச் 24

அன்புள்ள பொடிசுக்கு,

நீ நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுந்து நடக்கிறாள். என்னை அதட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. வேளாவேளைக்கு சூப் வைத்துக் கொடுக்கிறேன், உப்புப் போதவில்லையாம்.

கதவைத் திறந்தபோது தரையில் உன் கூரியர் கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகு வந்திருக்கிறது. நின்றுகொண்டே வாசித்தேன். பெரிய எழுத்து, எனக்குத் தடங்கல் இல்லை. நான் கேட்டபடி எழுத்தில் அனுப்பியிருக்கிறாய். அம்மாவின் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்து, எதிர்வீட்டுக்காரர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனபோது, நான் கேட்ட எழுத்து வழியில் எங்கேயோ வந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

ஒன்றை எழுத வேண்டும். நீ வந்து சேர்ந்த அன்று டாக்டர் நம்மைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இவங்க போடவேண்டிய அளவைப்போல அஞ்சு மடங்கு. எந்தப் புத்திசாலி கொடுத்தது?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்திருந்த துண்டை எடுத்தேன். இரண்டாவது துண்டைச் சுவரிலிருந்து உரித்து, வெளியே போனால் நாலு பேரிடம் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதை அவர் மேஜை மேல் வைத்தேன். "ஐயா, படிச்ச பொண்ணு பார்த்து அனுப்பினது" என்றேன்.

அவர் உன் பெயரைச் சத்தமாக வாசித்தார். நீ எனக்குப் பின்னால் சுவர் ஓரம் நின்றாய். நான் திரும்பி, "இவதான் சார்" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். டாக்டர் உன்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். நீ ஏதாவது சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். "அம்மாவுக்குத் தண்ணி வேணும்னாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள் பொடிசு. அவள் எங்கே தண்ணீர் கேட்டாள்?

அதற்குப் பிறகு அவள் ஆபத்தைத் தாண்டும்வரை பக்கத்திலேயே இருந்தாய், தூங்காமல் பார்த்துக்கொண்டாய். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாய்.

ஒரே கேள்வி. அந்தப் பெட்டியை நீ பார்த்தாயா?

அப்பா


ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் குரலைப் போனில் கேட்டேன், தெளிவாக இருக்கிறது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

நான் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனியில் இப்போது நான் இல்லை அப்பா. அக்டோபரிலேயே வந்துவிட்டேன்.

என் மேஜை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். அது ஒரு கண்ணாடி அறை, முன்னால் இரண்டு திரை. மருந்து கேட்கிறவர் டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான் அதை வாசித்து, மருந்தும் அளவும் சரிதானா என்று பார்த்து, சரி என்றால்தான் பெட்டி கட்ட வேண்டும். சட்டம் அதுதான். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. பிறகு ஆர்டர் குவிந்தது. இன்னொரு மருந்தாளுநரை வையுங்கள் என்றேன். அதற்குப் பதிலாக மேனேஜர் திரையில் ஒரு பட்டனை வைத்தார். அதை அழுத்தினால் வரிசையில் நிற்கும் எல்லாம் ஒரே நேரத்தில் என் பெயரில் பாஸ் ஆகிவிடும். "நீங்க ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டிருந்தா பேஷன்ட்டுக்குத்தானே மேடம் லேட்?" என்றார். சில நாள் நானும் அழுத்தினேன். ஒரு நாள் பழைய ஆர்டர்களைத் திறந்து பார்த்தேன். ஒருவர் டாக்டர் சீட்டுக்குப் பதிலாகத் தன் பூனையின் படத்தை அனுப்பியிருந்தார். அதுவும் பாஸ் ஆகியிருந்தது. சரிபார்த்தது நான்.

அன்றைக்கே வேலையை விட்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். "எடுத்துடறோம் மேடம்" என்றார்கள். வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். நாளைக்கு வாங்க என்றார்கள். மறுபடி போனபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே, "புகார் கிகார்னு போனீங்கன்னா, அந்த எல்லா ஆர்டர்லயும் உங்க பேர்தான் மேடம் இருக்கு" என்றார். பயந்துவிட்டேன். அம்மாவைக் கடையில் வாங்கச் சொல்லிவிட்டால் நம் வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நம் வீட்டை மட்டும் நினைத்தேன்.

இப்போது நாய் பூனை ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். நிஜப் பூனைகள். நீங்கள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்ததால் இதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் என் பெயரை வாசித்தபோது 'அது நான் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

என்னோடு படித்த 'கண்ணாடி'யை நினைவிருக்கிறதா? விடுமுறைக்கு வந்து நம் வீட்டில் இருந்த இடமெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவள். இப்போது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஆய்வாளர். நேற்று அவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் விலகிய பிறகும் என் பெயரைப் போடுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். போனில் வரும் பில்லில் மருந்தாளுநர் பெயர் இருக்காது, லேபிளில் மட்டும்தான் இருக்கும். தேதியும் என் பெயரும் சேர்ந்திருக்கும் லேபிள் முழுதாக வேண்டும். உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள் அப்பா.

பொடிசு


ஏப்ரல் 20

அன்புள்ள பொடிசுக்கு,

நலமா? அம்மா நலம். ஆன்லைன் பெட்டியை நீ வந்திருந்தபோதே அவள் போனில் நிறுத்திவிட்டாயே, இப்போது ஆஸ்பத்திரிக் கடை மாத்திரைதான் போடுகிறாள். பழுப்பு நிறம். பரிசோதனைக்குப் போய்வந்தோம், அளவு சரியாக இருக்கிறதாம்.

லேபிள் முழுதாக இல்லை.

எனக்கு வேண்டியது உன் பெயர்தானே? அதை மட்டும் வெட்டிக்கொண்டேன். தேதி, நம்பர், மீதி எல்லாம் பெட்டியோடு குப்பை வண்டியில் போய்விட்டது. சுவரில் உன் பெயர் மட்டும் வரிசையாக இருக்கிறது. எந்த மாதம், எந்த மாத்திரை, ஒன்றும் இல்லை. பெட்டிகளைக் கிழித்து எறிந்த அந்தப் பழைய ஆளாகவே இருந்திருந்தால், பெயரை நம்பிக் கொடுத்திருக்கவும் மாட்டேன். இதை நினைத்தால் பேனா நகர மறுக்கிறது.

உன்னைத் திட்டி நாலு வரி எழுதினேன். மெதுவாக எழுதுகிறவனுக்குக் கோபம் பாதி வரியிலேயே ஆறிவிடுகிறது. அடித்துவிட்டேன். மேலே மை பூசியிருக்கும் இடம் அதுதான், வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயலாதே.

பூனை ஆஸ்பத்திரியில் வேலை செய்தால் என்ன? நான் மூட்டை தூக்கியவன். எந்தப் பெருமையை நீ காப்பாற்றினாய்?

ஒன்று மட்டும் ஆறவில்லை. அம்மா கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு தயங்கினாள். எழுத்துத் தெரியாத அவளுக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு வரவில்லை. உன் பெயரைக் காட்டித்தான் அவளை முழுங்க வைத்தேன்.

இனி என்ன செய்ய வேண்டும், எழுது. கண்ணாடியிடம் கேட்டு எழுது.

அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மை பூசிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்த்தேன். நன்றாகப் பூசியிருக்கிறீர்கள்.

கண்ணாடி சொல்வது இது. அம்மாவின் கணக்கிலிருந்து வழக்கம்போல் ஆர்டர் போட வேண்டும், அதே ரோஜா நிற மாத்திரைக்கு. டாக்டர் சீட்டு எதுவும் அனுப்பக் கூடாது. அலுவலகத்து முகவரிக்கு வரவழைத்தால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள், பழைய வாடிக்கையாளர் வீடுதான் சரி. பெட்டி வரும் நாளில் அவளே அங்கே வந்து உட்காருவாள். யாரிடமும் சொல்லாதீர்கள், டீச்சரிடமும். பெட்டி வந்தால் நீங்கள் தொட வேண்டாம். கத்தரிக்கோலை அன்றைக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். லேபிளில் என் பெயர் வந்தால், நான் இல்லாமல் என் பெயரை ஓட்டுகிறார்கள் என்பது நிரூபணமாகும். ஆனால் விசாரணையில் அக்டோபருக்கு முன்னால் நான் பட்டனை அழுத்தியதையும் கேட்பார்கள். என் பதிவு போகலாம். இதற்குள் அவர்கள் விழித்துக்கொண்டு பெயரை மாற்றியிருந்தால், இதுவரை போன பெட்டி அத்தனையும், அம்மாவுடையது உட்பட, நான் பார்த்ததாகவே நின்றுவிடும்.

பெயர் வர வேண்டும் என்றும் பயம், வந்துவிடும் என்றும் பயம். இருந்தாலும் வரட்டும் அப்பா.

பொடிசு


மே 19

அன்புள்ள பொடிசுக்கு,

நலமா என்று கேட்கிறேன். பதில் வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது, இது வகுப்பில் சொன்னதற்காகக் கேட்பது இல்லை.

ஆர்டர் போட்டோம். டாக்டர் சீட்டு எங்கே என்று அந்தக் கம்பெனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரும் என்று போனில் சேதி வந்ததும் கண்ணாடியும் இன்னொரு அதிகாரியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவள் நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். கண்ணாடியை இப்போது சங்கிலி போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா, "அப்பவே நான் சொன்னேன்ல?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்தாள். பால்காரர், மீட்டர் பார்க்கிறவர், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் இன்றைக்கென்று ஏறி இறங்கினார்கள். மதியம் போய் வெயில் சாய்ந்தது. வராது என்றே நினைத்துவிட்டேன்.

வந்தது. கொண்டுவந்தவன் பெட்டியை நீட்டிவிட்டுப் போனான். கண்ணாடி கையுறை போட்டு வாங்கி மேஜை மேல் வைத்தாள். படம் எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, ஆர்டர் உங்க வீட்டுது. லேபிளை நீங்களே வாசிங்க, அவர் எழுதிக்குவார்" என்றாள்.

வகுப்பில் எத்தனையோ தடவை எழுந்து நின்று வாசித்திருக்கிறேன். இது அந்த வாசிப்பு இல்லை. மாத்திரை பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அளவை வாசித்தேன். 'டாக்டர் சீட்டு பார்த்து உறுதி செய்யப்பட்டது' என்று இருந்ததை வாசித்தேன். எந்தச் சீட்டு, பொடிசு? தேதியை வாசித்தேன், நேற்றைய தேதி. 'சரிபார்த்த மருந்தாளுநர்' வந்தது. அந்த வார்த்தை இப்போது எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் என் விரல் போய் உட்கார்ந்துகொண்டது. நானாக வைக்கவில்லை.

"அப்பா, விரலை எடுங்க" என்றாள் கண்ணாடி, மெதுவாக.

எடுக்க முடியவில்லை. அடியில் உன் பெயர் இருந்தாலும் உனக்கு இடி, இல்லாவிட்டாலும் இடி. வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த நிமிஷம் தோன்றியது, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

அம்மாதான், "வாசிங்க. நம்ம பொண்ணு பேருதானே? அவ பேரைச் சொல்ல நாம எதுக்குப் பயப்படணும்?" என்றாள்.

விரலை எடுத்தேன். உன் பெயர்தான். வாசித்தேன். எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

நேற்று நீ எங்கே இருந்தாய் என்று அந்த அதிகாரி கேட்டார். பூனை ஆஸ்பத்திரியில் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பெட்டியை ஒரு பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? நான் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

பெட்டி போன மறுநாளே சோதனை போட்டார்கள். என் பெயரில் அந்தப் பட்டன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம், கண்ணாடி அறையில் ஆள் இல்லாமல். கம்பெனியின் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். மேனேஜர் என்னைக் காட்டியிருக்கிறார், எல்லாம் அந்த மேடம் பார்த்தது என்று. அரக்கு வைத்த பையைப் பிரித்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

என்னையும் ஒரு காலை முழுக்க விசாரித்தார்கள். பட்டனை அழுத்தினேன் என்று நானே சொன்னேன். விசாரணை முடியும்வரை என் பதிவையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதுவரை மருந்தை நான் தொடக் கூடாது, பூனைக்குக்கூட. கால்நடை டாக்டர் நல்லவர். முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். டோக்கன் கொடுக்கிறேன்.

அந்த மாத்திரை வாங்கிய எல்லாருக்கும் அலுவலகத்திலிருந்து போன் செய்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்து நம்பர் தேடிக் கொடுக்கிறேன், அதற்கு அனுமதி தந்தார்கள். பலர் நிறம் மாறியதைப் பார்த்துத் தாங்களே நிறுத்தியிருக்கிறார்கள். சில நம்பர்களை யாரும் எடுப்பதில்லை. மறுபடி மறுபடி அடிக்கிறோம். அம்மாவுக்குக் கை கன்றியதை எழுத நீங்கள் இருந்தீர்கள். அந்த வீடுகளில் யார் இருந்தார்களோ?

சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது.

பொடிசு


ஜூலை 14

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் கேட்டு அப்பாவும், கேட்கச் சொல்லி அம்மாவும். அவள் இப்போது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுகிறாள். கடைக்காரனும் பார்த்தான், நானும் பார்த்தேன் என்கிறேன். அவனிடம் போனை வைத்துவிட்டு மருந்தை எடு என்று சொல்லியிருக்கிறேன். முறைக்கிறான், ஆனால் வைக்கிறான்.

போனை எடுக்காத நம்பர்களுக்கு அடிப்பதை நிறுத்தாதே. வீட்டு முகவரி இருந்தால் கடிதம் போடு. பெரிய எழுத்தில் போடு.

சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் ஈரத்துணி வைத்து ஊறவைத்து எடுத்துவிட்டேன். இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. அம்மா சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறாள். வருத்தப்படாதே, உன் பெயரை எறியவில்லை. அது உன்னுடைய பெயராக இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தின் உறை மேல் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் உள்ளே எழுத உட்கார்ந்தேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. எழுதிய பிறகு கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

சரிபார்த்தவர்,
அப்பா